அடுப்புக்கு மூன்று பூச்சு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு காந்தம் இருந்தது. எவ்வளவு பலம் என்று கேட்பவர்களுக்கு நான் எண்ணிக்கை எதுவும் சொல்வதில்லை. பதிவு எழுத்தரின் முழங்காலைப் பற்றித்தான் சொல்வேன். அந்த மனிதர் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குள் எஃகுக் கம்பி வைத்திருந்தார்கள். காந்தம் ஏறியிருக்கும் நாட்களில் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் வேலைக்கு வந்துவிடுவார். திரும்பிப் போக முக்கால் மணி நேரம் ஆகும். தெருமுனைத் தையல்காரர் கத்தரிக்கோலை எந்தப் பக்கம் பார்த்து வைத்தாலும், அது மெல்லத் திரும்பி எங்கள் கூடத்தைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொள்ளும். அவர் வீட்டுக் கோழிகள் இரும்புச்சத்துத் தீனி தின்றவை. அவைகூட ஒரே பக்கம் தலை வைத்துத்தான் தூங்கின. இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்ததில்லை. வாயால் சொல்லித்தான் இருக்கிறேன்.

அடுப்பு விஷயம் அப்படியல்ல. அதில் நானே இருந்தேன். குற்றவாளியாக இருந்தேன்.

அங்கே எனக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. சுவர், கதவு, குழாய், கைப்பிடி, எது நிறம் மங்கினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். என் அக்காவுக்கு அதே கூடத்தில் பொறியாளர் வேலை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். மூளை கொடுத்த இடத்தில் அவள் ஆறு வருடம் முன்னதாகவே வரிசையில் போய் நின்றுவிட்டாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, அங்கேயே தீப்பாதுகாப்பு அதிகாரி. காலையில் மூன்று பேரும் ஒரே பேருந்தில் போவோம். சாயங்காலம் ஒரே சண்டையோடு திரும்புவோம்.

சண்டை என்ன என்று சொல்வதற்குக் காந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்குப் புரிந்த அளவுதான்.

அது ஒரு கம்பிச் சுருள். இரண்டு ஆள் உயரத் தொட்டிக்குள், திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கும். அந்தக் குளிரில் கம்பிக்கு ஒரு தனிக்குணம் வந்துவிடுகிறது. மின்சாரத்தை அது தடுப்பதே இல்லை. உள்ளே விட்டதெல்லாம் சலிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்தாயிரம் ஆம்பியர். நாற்பது டன் லாரி ஒன்றை நூறு மீட்டர் உயரத்தில் தூக்கிப் பிடித்தால் எவ்வளவு சக்தியோ, அவ்வளவு அதற்குள் அடைந்து கிடக்கிறது என்பாள் அக்கா. ஒரு முனகல்கூட வெளியே கேட்காது.

தூக்கிப் பிடித்திருக்கும் வரை வம்பில்லை. கம்பியில் எங்காவது நக அளவு இடம் சூடேறிவிட்டால் போச்சு. அந்த இடம் மட்டும் மின்சாரத்தைத் தடுக்க ஆரம்பிக்கும். மொத்த லாரியும் அந்த நகத்தின்மேல் விழும். நாற்பது பேர் ஆறு வருடம் சுற்றிய சுருளில் ஓட்டை விழும். அதற்கு முன்னால் சக்தியை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்து எங்கே கொட்டுவது? அதற்குத்தான் அடுப்பு.

அடுப்பு என்பது நாங்கள் வைத்த பேர். தாளில் வேறு நீளமான பேர் இருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டடி கனச் சுவருக்கு அப்பால், பக்கத்து அறையில், கம்பிவலைக் கூண்டுக்குள் அறுபத்து நான்கு எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையின் எடை. தகட்டுக்கு இரண்டாகப் பீங்கான் தாங்கிகளின்மேல் வரிசையாக நிற்கும். ஆபத்து என்றால், மின்சாரம் கொடுக்கிற பக்கத்தை ஒரு பெரிய பிரேக்கர் வெட்டிவிடும். சுருளில் சுற்றிக்கொண்டிருப்பது வேறு வழியில்லாமல் தகடுகளுக்குள் பாயும். தகடுகள் சூடாகும், லாரி மெதுவாகத் தரைக்கு இறங்கும். ஒரு நிமிடத்துச் சமாசாரம். தகட்டின் கனத்திலிருந்து கடைசித் திருகாணி வரை எல்லாம் அக்கா போட்ட கணக்கு.

"ஓடுற வெள்ளத்தை நிறுத்த முடியாதுடா. நிறுத்துனா உடைச்சுக்கிட்டுப் போகும். வழி விடணும், அவ்வளவுதான்" என்பாள்.

ஆனால் அணை கட்டினவருக்குத்தான் பேர். மதகு வைத்தவரை யார் கேட்கிறார்கள்? சுருள் சுற்றிய குழுவின் தலைவரைச் சுருள்காரர் என்போம். அவருடைய தொட்டி கண்ணாடியாகப் பளபளக்கும். பார்வையாளர் யார் வந்தாலும், அவர்கள் முகம் அவர்களுக்கே தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்தித்தான் பேச்சைத் தொடங்குவார். அடுப்பறையைத் தாண்டும்போது மட்டும் எட்டி நடப்பார்.

"அங்க என்ன?" என்று யாராவது கேட்டுவிட்டால், "அதுவா? சமைக்கிறது நாங்க. கழுவி ஊத்துற இடம் அது" என்பார்.

இது அக்காவின் காதில் விழும்.  அன்று சாயங்காலம் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

மாமாவோடு உள்ள சண்டை வேறு. சுருளுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது. சுருள் காலியாக இருக்கும்போது, தகடுகளைத் துடைப்பதற்காக இணைப்பைப் பிரிக்கிற கைப்பிடி. அதற்குப் பூட்டு உண்டு. சாவி மாமாவின் கழுத்தில் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார்.

"அந்தக் கைப்பிடியை எடுத்திடுங்களேன்" என்பாள் அக்கா, தட்டைக் கழுவிக்கொண்டே.

"முடியாது. எரியற சாமானோட இணைப்பை முதல்ல துண்டிக்கணும். அப்புறம்தான் அணைக்கணும். விதியிலேயே இருக்கு."

"என் அடுப்பை மட்டும் துண்டிக்கக் கூடாது. ஓடிக்கிட்டு இருக்கும்போது பிரிச்சீங்கன்னா, போக வழியில்லாம காத்துல பாயும். கைப்பிடி, நீங்க, சுருள், மூணும் போயிடும்."

"என்னை ரெண்டாவதா சொல்றியே."

"வரிசைப்படி சொன்னேன்."

நான்கு வருடமாக இந்தப் பேச்சு, உப்பை எடு என்பது மாதிரி சாப்பாட்டுக்கு நடுவில் வந்து போகும். நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தாலும் அவர்கள் நம்புவதில்லை. அதற்குச் சில மாதம் முன்புதான், தண்ணீர்க் குழாய்ப் பெட்டி ஒன்றில் பூனை குட்டி போட்டிருக்கிறது, மூன்று கறுப்பு, ஒன்றுக்கு மட்டும் வலது காதில் நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் புள்ளி என்று மாமாவிடம் சொல்லியிருந்தேன். மனிதர் ஒன்பது பெட்டியையும் திறந்து பார்த்தார். அந்த நட்சத்திரத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டு பெட்டியோடு நிறுத்தியிருப்பார்.

இப்படி இருக்கும்போது சோதனை நாள் குறித்தார்கள். முதல்முறையாகச் சுருளை முழுசாக நிரப்பி, வேண்டுமென்றே அடுப்பில் இறக்கிப் பார்ப்பது. வெளியிலிருந்து மூன்று பரிசோதகர்கள் வருகிறார்கள். தேறினால் சுருளை ஓட்ட அனுமதி. தேறாவிட்டால் அக்காவின் அடுப்பைக் கழற்றிவிட்டு, வேறு இடத்தில் செய்த ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது. அக்காவை வரைபட அறைக்கு மாற்றுவது. இதை இயக்குநர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தே சொல்லிவிட்டார்.

எனக்குச் சொன்னது வேறு. "கண்ணுல படுற எல்லாம் புதுசா இருக்கணும்" என்றார்.

மூன்று வாரம் அடித்தேன். வாசல் கதவு, மாடிப்படி, மஞ்சள் கோடு, நீலக் குழாய். அசையாமல் நின்றவற்றுக்கெல்லாம் அடித்தேன். ஒரு நாள் எழுத்தர் என்னைப் பார்த்ததும் காரணமில்லாமல் கையைக் காலை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

சோதனைக்கு முந்தின நாள் மதியம் அடுப்பறைக்கு வந்தேன். கூண்டின் சட்டத்துக்கு நீலம் அடிக்க வேண்டும். அதற்காகக் கூண்டுச் சாவியும் தந்திருந்தார்கள். அக்கா காலையிலேயே கடைசிச் சரிபார்ப்பை முடித்துவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விட்டாள். சட்டத்தை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

தகடுகள் பரிதாபமாக நின்றன. வெல்டிங் வைத்த இடமெல்லாம் பழுப்பு. தண்ணீர் பட்டுக் காய்ந்த திட்டு. சுண்ணக்கட்டியில் எழுதிய எண்கள், பாதி அழிந்தும் அழியாமலும். சுவருக்கு அந்தப் பக்கம் சுருள்காரரின் தொட்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. நாளைக்கு மூன்று பேர் வந்து இரண்டையும் பார்ப்பார்கள். என் அக்கா செய்தது மட்டும் ஏன் இப்படி நிற்க வேண்டும்? கூடம் முழுக்க என் கையால் பளபளக்கிறது, கூடப் பிறந்தவளுடைய சாமான் மட்டும் கேட்க நாதியில்லாமல் கிடக்கிறது.

வாசல் கேட்டுக்கு அடித்தது போக வெள்ளிப் பெயின்ட் மிச்சம் இருந்தது.

கூண்டுக்குள் ஒரு பலகை தொங்கியது. "தொடாதே" என்று அக்காவின் கையெழுத்து. நான் தொடவில்லை. ஸ்ப்ரேயை ஓரடி தள்ளிப் பிடித்துத்தான் அடித்தேன்.

வேலையை வேலையாகத்தான் செய்தேன். பீங்கான் தாங்கி ஒவ்வொன்றுக்கும் காகிதம் சுற்றி, நூல் கட்டி, அப்புறம்தான் தெளித்தேன். ஒரு பூச்சு, மின்விசிறி வைத்து உலர்த்தல், இரண்டாவது பூச்சு, இருட்டுவதற்குள் மூன்றாவது. காகிதத்தை உரித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது. பெயின்ட் மாதிரியே இல்லை. ஒரு மாதம் உட்கார்ந்து தேய்த்த எஃகு மாதிரி இருந்தது. பெயின்ட்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அடித்தது தெரியாமல் அடிப்பதுதான் அடி.

மறுநாள் காலையில் மாமா கூண்டை எட்டிப் பார்த்தார். "உங்க அக்கா நல்லாத்தான்டா தேய்ச்சு வச்சிருக்கா" என்றார். நான் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன்.

பரிசோதகர்களில் இரண்டு பேர் கட்டுப்பாட்டு அறையில் அக்காவோடும் சுருள்காரரோடும் இருந்தார்கள். மூன்றாவது ஒரு குள்ளமான அம்மா, தடித்த கண்ணாடி, கையில் நோட்டு. அவர் நேராக அடுப்பறைக்கு வந்தார். அங்கே பொறுப்பு மாமா. உதவிக்கு நான், பிளாஸ்டிக் வாளியில் மணலோடு. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் இன்டர்காம் திறந்தே இருந்தது. மூலையில் ஒரு கேமரா. அக்காவுக்கு நாங்கள் கறுப்பு வெள்ளையில் தெரிவோம்.

சுருளை நிரப்ப மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் கண்ணாடி அம்மாவுக்கு முழங்கால் எழுத்தரைப் பற்றிச் சொன்னேன். அவர் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு, "எந்த முழங்கால்?" என்று கேட்டார். "இடது" என்றேன். மாமா என் காலை மிதித்தார்.

பிறகு அக்காவின் குரல் வந்தது. "பத்தாயிரம். நிறைஞ்சிடுச்சு. எல்லாரும் கோட்டுக்குப் பின்னாடி போங்க. விடறேன்."

யாரோ கோபத்தில் ஒரு பெரிய இரும்புக் கதவை அறைந்து சாத்தியது போல ஒரு சத்தம். பிரேக்கர் வெட்டியிருந்தது. அடுத்த கணம் தகடுகள் அத்தனையும் சேர்ந்து மெல்ல உறுமின. சூட்டில் நீளத் தொடங்கி, டிக், டிக் என்று சொடுக்கு எடுத்துக்கொண்டன. அடுப்பு வேலை செய்கிறது.

"ஒன்பதாயிரம்" என்றாள் அக்கா. "எட்டு."

இனி நான் சொல்லப்போவது அரை நிமிடத்துக்குள் நடந்தது. சொல்லத்தான் நேரமாகும்.

புகைக்கு முன்னால் வாசனை வந்தது. அந்த அறையில் இருந்த மூன்று மூக்கில் என் மூக்குக்கு மட்டும்தான் அது என்ன என்று தெரியும். முப்பது வருடம் அதோடு குடித்தனம் நடத்திய மூக்கு. 

பிறகு புகை. முதலில் நூலாக, ஒரு தகட்டின் விளிம்பிலிருந்து. பிறகு அறுபத்து நான்கிலிருந்தும்.

"இது வர வேண்டியதுதானா?" என்று கண்ணாடி அம்மா கேட்டார்.

மாமா சட்டைக்குள் கையை விட்டுச் சாவியை வெளியே எடுத்தார்.

"அங்க என்ன புகை?" இன்டர்காமில் அக்கா.

"உன் அடுப்பு எரியுது."

"எரியாது. இருநூத்தி முப்பது டிகிரிக்கு மேல போகாது. எரியறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லை."

"இல்லாதது எரியுது. வந்து பாரு."

"கைப்பிடியைத் தொடாதீங்க."

"தகடு உருகுதா, தாங்கி எரியுதான்னு தெரியாம நான் எப்படிச் சும்மா நிக்கிறது? இங்க என் பொறுப்புல ரெண்டு பேர் இருக்காங்க." மாமாவின் சாவி பூட்டுக்குள் போய்விட்டது.  அவர் முட்டாள் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். முப்பது வருடம் அவர் படித்ததும் பார்த்ததும் ஒன்றுதான்: எரிந்தால் துண்டி. "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார் எங்களைப் பார்க்காமலே.

அக்காவின் குரலில் முதல்முறையாக ஒரு விரிசல் கேட்டது. "ஆறாயிரம் இருக்கு. இப்போ பிரிக்காதீங்க. வேண்டாங்க."

ஏன் புகை என்று அவளுக்கும் தெரியவில்லை. அவள் போட்ட கணக்கில் புகை இல்லை. கணக்கு தப்பா, தகடு தப்பா என்று அந்த அறையில் அவள் தனியாக நிற்பது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் சுருள்காரர் என்ன முகத்தோடு நிற்பார் என்பதும் தெரிந்தது.

என்னால் சொல்லிவிட முடியும். சொன்னால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை, அக்காவின் சோதனை அன்று பார்த்து, அவளுடைய சொந்தத் தம்பியே கெடுத்தான் என்று ஆகும். சொல்லாமல் மெதுவாக வெளியே நடந்துவிடலாம். வாளியைக்கூடக் கீழே வைக்க வேண்டியதில்லை. ஆனால் மாமாவின் மணிக்கட்டு திரும்பத் தொடங்கியிருந்தது. கைப்பிடி, நீங்க, சுருள். அந்த வரிசை எனக்கு ஞாபகம் வந்தது.

"மாமா. பெயின்ட்" என்றேன்.

"என்னடா?"

"பெயின்ட். நான். நேத்து. தகட்டுல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒன்பது குழாய்ப் பெட்டிகளும் தெரிந்தன. "உன் கதை கேக்கிற நேரமாடா இது? பூனைக்குட்டி மாதிரியா?"

"இல்லை மாமா. பெயின்ட்." எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. வாழ்நாளெல்லாம் ஊற்றாகக் கொட்டிய வாய், அன்று அடைத்துக்கொண்டது.

இன்டர்காம் கரகரத்தது.

"தம்பி" என்றாள் அக்கா. "என்ன சொன்னே? திரும்பச் சொல்லு."

"பெயின்ட்க்கா. வெள்ளி. மூணு."

"மூணு என்ன?"

"பூச்சு."

"அது நிஜம்" என்றாள் அக்கா உடனே, என்னிடமல்ல. "கையை எடுங்க."

"இவன் பேச்சை நம்பியா?" என்றார் மாமா.

"இவன் பொய் சொன்னா கேக்க நல்லா இருக்கும். இது கேக்கவே சகிக்கலை. நிஜந்தான். சாவியை எடுங்க. நாலாயிரம்."

மாமா சாவியை எடுத்தார். எடுத்ததோடு நிற்கவில்லை. கைப்பிடிக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அதை யாரும் தொட முடியாதபடி மறைத்து நின்றார். எரிகிற ஒன்றின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு ஒரு தீப்பாதுகாப்பு அதிகாரிக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அன்று பார்த்தேன். நெற்றியிலிருந்து வியர்வை மீசைக்கு இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

"மூவாயிரம்" என்றாள் அக்கா. விரிசல் போயிருந்தது. பேருந்து நிறுத்தங்களின் பேரைச் சொல்கிற குரல். "ரெண்டாயிரம்."

புகை கூரைக்குப் போய், அங்கே இடம் போதாமல் எங்களிடம் திரும்பி வந்தது. தீ மணி அடிக்க ஆரம்பித்தது. கண்ணாடி அம்மா வெளியே போகவில்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, புகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். நானும் அவர் பக்கத்தில் குத்தவைத்து, மணல் வாளியைக் கட்டிக்கொண்டேன்.

"ஆயிரம். ஐந்நூறு. இருநூறு."

தகடுகளின் உறுமல் அடங்கிவிட்டது. சொடுக்குச் சத்தம் மட்டும்.

"அம்பது. இருபது." நீண்ட இடைவெளி. "காலி."

லாரி தரையில் நின்றது.

அக்கா வருவதற்கு முன்னால் சுருள்காரர் ஓடியது கேட்டது. தொட்டியில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். ஹீலியம் கொதிக்கவில்லை. ஒரு நகம்கூடச் சூடாகவில்லை. பத்தாயிரமும் அடுப்புக்கு வந்துவிட்டது. சுருளில் ஒன்றும் தங்கவில்லை.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மின்விசிறி புகையைத் தள்ளத் தள்ள, தகடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. என் வெள்ளி கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து, கறுத்து, தோலாக உரிந்து தொங்கியது. அவள் அதைப் பார்க்கவில்லை. குனிந்து, வரிசையின் ஒரு முனையில் கன்னத்தை வைக்காத குறையாக, கடைசி வரை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"ஒண்ணுகூட வளையலை" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வது போல. பிறகு இன்னொரு முறை, மாமாவிடம். "ஒண்ணுகூட வளையலைங்க."

"பார்த்தேன்" என்றார் மாமா. கை இன்னும் பின்னால்தான் இருந்தது.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "வெள்ளிப் பெயின்ட்டுல அலுமினியப் பொடி இருக்கு, தெரியுமாடா உனக்கு? தாங்கியில ஒரு சொட்டு பட்டிருந்தா மின்சாரம் அது வழியா குதிச்சிருக்கும். மாமா நின்ன இடத்துக்கு."

"படலைக்கா."

"படலைன்னு நீ எப்படிச் சொல்றே?"

"காகிதம் சுத்தினேன்."

"எத்தனைக்கு?"

"நூத்தி இருபத்தெட்டுக்கும்."

கண்ணாடி அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு, சூடு தாங்கும் தூரத்தில் நின்று, தாங்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் காத்திருந்தோம். நூற்று இருபத்தெட்டையும் பார்த்து முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. எல்லாம் பால் வெள்ளையாக இருந்தன. "சுத்தமான வேலை" என்றார். மூன்று வாரமாக அந்தக் கூடத்தில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை.

"எதுக்குடா அடிச்சே?" என்றாள் அக்கா.

இதற்கு நூறு பதில் சொல்லியிருக்கலாம். "தொட்டி மாதிரி இருக்கட்டும்னு" என்றேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் தெளிந்தபின் வருகிற சிரிப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு, சாவி வயிற்றில் குதிக்கக் குதிக்கச் சிரித்தார்.

பரிசோதகர்களின் அறிக்கை ஒரு பக்கம். அதில் மூன்று விஷயம். முதலாவது, அடுப்பு தேறியது. கணக்கில் சொன்னபடி, சொன்ன நேரத்தில், சொன்ன சூட்டில், அதுவும் ஒருவர் அதைக் கெடுப்பதற்கு ஆனதையெல்லாம் செய்த பிறகு. இரண்டாவது, சுருளுக்கும் அடுப்புக்கும் நடுவில் உள்ள கைப்பிடியை உடனே அகற்ற வேண்டும்; அந்த வழியை எந்தக் காரணத்துக்காகவும் யாரும் மூட முடியாதபடி செய்ய வேண்டும். மூன்றாவது, பெயின்ட்காரரைக் கூண்டுக்குள் விடக் கூடாது. ஒரு விஞ்ஞான அறிக்கையில் இடம்பிடித்த பெயின்ட்காரன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

இயக்குநர் என்னை வேலையை விட்டு அனுப்பத்தான் இருந்தார். கடைசியில், அடித்தவனே சுரண்டட்டும் என்று சொல்லிவிட்டார். அறுபத்து நான்கு தகடு, இரண்டு பக்கம். ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே கொண்டுவந்து தருவார்கள். நான் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பேன். பத்தொன்பது நாள். முதலில் மாமா எனக்கு இருபதென்றுதான் விதித்தார், ஒரு நாளை அக்கா குறைத்தாள். சிவப்புக் கைப்பிடியை மாமா தன் கையாலேயே கழற்றினார். நான்கு திருகாணி. நாலாவதைக் கழற்றும்போது அக்கா பின்னால் வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காகவே அவருக்கு இன்னும் கோபம். கழுத்துச் சாவியை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வாரம் வெறுமனே மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. சோதனை நடந்த அன்று சாயங்காலம் வெளியே மழை. குளிர். கூடத்தில் வேலை செய்த நாற்பது பேரும் எப்படியோ ஒவ்வொருவராக அடுப்பறைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அறை அவ்வளவு கதகதப்பாக இருந்தது. பெயின்ட் நாற்றத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நனைந்த கோட்டுகளைக் கூண்டைச் சுற்றிக் காயப்போட்டார்கள். முழங்கால் எழுத்தர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டார். ஆறு வருடம் சுற்றிய சுருளின் முதல் சக்தி, நாற்பது பேருடைய ஈரச் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தது.

சுருள்காரர் கடைசியாக வந்தார். கையில் இரண்டு டீ. ஒன்றை அக்காவிடம் நீட்டினார். கொஞ்ச நேரம் தகடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பக்கம் நிக்கும்போது எனக்குக் காலே இல்லைம்மா" என்றார். "நீ எண்ணிக்கிட்டே இருந்தே. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்."

"எனக்கும் அப்படித்தான்" என்றாள் அக்கா.

அதற்கப்புறம் பார்வையாளர்கள் வந்தால் அவர் எட்டி நடப்பதில்லை. அடுப்பறைக் கதவை அவரே திறந்துவிடுவார். "முதல்ல இதைப் பாருங்க. இது இருக்கிற தைரியத்துலதான் நான் அங்க சமைக்கிறேன்" என்பார். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தேய்த்த தகடுகள், அக்கா புதிதாக எழுதிய சுண்ணக்கட்டி எண்கள், தொடாதே என்ற பலகை. பலகையில் அக்கா கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "தள்ளி நின்றும் அடிக்காதே."

சோதனை முடிந்த அன்று பேருந்தில் நாங்கள் மூன்று பேரும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தோம். எங்கள் மேல் வந்த புகை நாற்றத்தில் முன்னால் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் பொறுக்க முடியாமல், "எங்கயாவது தீ விபத்தாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நேராக அவரைப் பார்த்து, "இல்லைங்க. அடுப்புல வேலை" என்றாள்.

இந்தக் கதையை நான் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும், முழங்கால் கதையை இன்னொரு தரம் சொல்லுங்கள், அது நன்றாக இருந்தது, பெயின்ட் கதையை நீங்கள் சரியாகச் சொல்லவில்லை என்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அக்கா பக்கத்தில் இருந்தால், தலையை மட்டும் ஆட்டிக்கொள்வாள்.